பத்து என்று போட்டுப் பன்னிரண்டு

என் மகளுக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. மாடிப்படி, தோசையில் விழும் ஓட்டை, கோயில் மண்டபத்துத் தூண், எதுவானாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. 2025 செப்டம்பரில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, எங்க கிளாஸ்ல ஒரு போஸ்டர் ஒட்டியிருக்காங்க. மேல டென்னு போட்டிருக்கு. எண்ணினா பன்னிரண்டு சென்டென்ஸ் வருது" என்றாள். டீச்சரிடம் கேட்டாளாம். வீட்டில் கேட்டுக்கொள் என்று அவர் அனுப்பிவிட்டார்.

டெக்ஸாஸில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு எந்த போஸ்டர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூன் மாதம் கவர்னர் கிரெக் அபாட் கையெழுத்திட்டு, செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். அரசுப் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகள் தொங்க வேண்டும். குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம். அறையின் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் படிக்கிற அளவில் எழுத்து. யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் பள்ளி வேண்டாம் என்று சொல்ல முடியாது, வாங்கி மாட்டியே ஆக வேண்டும். டாலஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் ஊரிலும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மகள் போஸ்டரை ஒப்பித்தாள். பிறருடையதுக்கு ஆசைப்படாதே என்கிற கடைசி வரியில் தடுக்கினாள். மெய்டுசர்வென்ட் என்றால் யார்? பாளையங்கோட்டையில் பாட்டி வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருவாங்களே ஓர் அக்கா, அவங்களை மாதிரி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப பக்கத்து வீட்டுக்காரரோட வொய்ஃப், அந்த அக்கா, மாடு எல்லாம் ஒரே லிஸ்டா?" அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "நல்லா கேளு."

நான் பயந்துகொண்டிருந்தது வேறு வரிக்கு. விக்கிரகம், அதாவது 'கிரேவன் இமேஜ்', செய்யக்கூடாது என்கிற வரி. ஒரு வாரத்துக்கு முன்புதான் கோயிலில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து களிமண்ணில் பிள்ளையார் பிடித்துவிட்டு வந்திருந்தாள். என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அவள் அதை எப்போதோ முடித்துவிட்டிருந்தாள். "கிரேவன்னா செதுக்கினதுன்னு டிக்‌ஷனரில இருக்கு. நம்மது களிமண். பிடிச்சதுதானே, செதுக்கலையே." வழக்கு தள்ளுபடி.

அவள் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எண் போடாத கட்டளைகள்

பன்னிரண்டுக்குக் காரணம் இருக்கிறது. பைபிளின் யாத்திராகமத்தில் அந்த வசனங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கிடையாது. பத்தாகப் பிரித்தவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பிரித்தார்கள். யூதர்களுக்கு, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னைக் கொண்டுவந்த கர்த்தர் நானே என்பதே முதல் வாக்கியம். கத்தோலிக்கர்களும் லூத்தரன்களும் வேறு தேவர்கள், விக்கிரகம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, ஆசைப்படாதே என்பதைக் கடைசியில் இரண்டாக வெட்டுவார்கள். மற்ற புராட்டஸ்டன்டு சபைகளில் பெரும்பாலானவை விக்கிரகத்தைத் தனிக் கட்டளையாக எண்ணும். ஆஸ்டினில் டெக்ஸாஸ் சட்டமன்ற வளாகத்தில் 1961இல் 'ஃபிரட்டர்னல் ஆர்டர் ஆஃப் ஈகிள்ஸ்' என்ற சங்கம் ஆறடி உயரத்தில் ஒரு கல் நட்டது. யார் மனமும் நோகாத மாதிரி எல்லாப் பிரிவையும் ஒன்றாகக் கோத்து, எண் போடாமல் விட்டுவிட்ட வாசகம் அதில் இருக்கிறது. அதையே 2025இல் சட்டத்துக்குள் எடுத்துப் போட்டார்கள். எகிப்து விடுபட்டுவிட்டது. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. எல்லாருக்கும் பொதுவானது என்று ஒன்றைச் செய்யப் போய், யாருடைய வேதத்திலும் அப்படியே இல்லாத ஒன்று கிடைத்திருக்கிறது.

இந்த எண்ணிக்கைச் சண்டையைச் சின்னது என்று நினைக்கிறவர்களுக்கு தாமஸ் வால் கதையைச் சொல்ல வேண்டும். 1859 மார்ச், பாஸ்டன், எலியட் பள்ளி. தாமஸுக்குப் பத்து பதினோரு வயது இருக்கும், ஐரிஷ் கத்தோலிக்க வீட்டுப் பையன். புராட்டஸ்டன்டு பைபிளில் உள்ளபடி பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். ஆசிரியர் பிரம்பை எடுத்து அரை மணி நேரம் அவன் கையில் அடித்தார். அடித்தவர் மீது போட்ட வழக்கு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான கத்தோலிக்கப் பையன்கள் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் பிலடெல்பியாவில், பள்ளியில் எந்த பைபிளை வாசிப்பது என்ற பேச்சில் தொடங்கிய பகை கலவரமாகி, தேவாலயங்கள் எரிந்து, ஆட்கள் செத்தார்கள். எல்லாரும் கிறிஸ்தவர்கள்தான். இந்துவோ முஸ்லிமோ அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை.

அந்த ஆஸ்டின் கல்லுக்கும் ஒரு கதை உண்டு, எனக்குப் பிடித்த கதை. தாமஸ் வான் ஆர்டன் என்று ஒருவர். வக்கீல் தொழிலை இழந்து, வீடும் இல்லாமல், கூடாரத்தில் படுத்துக்கொண்டு, பகல் முழுக்க மாநிலச் சட்ட நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர். போகிற வழியில் தினமும் அந்தக் கல். ஒருநாள் வழக்குப் போட்டுவிட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005இல் டெக்ஸாஸ் தரப்பில் எழுந்து நின்று வாதாடியவர் அப்போதைய அட்டர்னி ஜெனரல். பெயர் கிரெக் அபாட். ஐந்துக்கு நான்கு என்று அபாட் ஜெயித்தார், கல் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த ஐந்தாவது வாக்கைப் போட்ட நீதிபதி ஸ்டீபன் பிரேயர் காரணத்தையும் எழுதி வைத்தார்: இது திறந்தவெளி, நாற்பது வருஷமாக யாருக்கும் உறுத்தாமல் நின்ற கல், பள்ளி வளாகமாக இருந்தால் கதை வேறு, இளம் மனசு எதையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும், அங்கே அரசு கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அன்று எந்த வேறுபாட்டின் தயவில் ஜெயித்தாரோ, இருபது வருஷம் கழித்து அதையே தாண்டி அபாட் கையெழுத்திட்டார்.

அவர் தைரியமும் சும்மா வந்ததில்லை. கென்டக்கியில் இதே மாதிரி சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1980இல் தூக்கி எறிந்தது. ஆனால் 2022இல், கால்பந்து மைதானத்தின் நடுவே மண்டியிட்டு ஜெபித்த ஒரு பள்ளிப் பயிற்சியாளரின் வழக்கில், பழைய அளவுகோலைக் கைவிட்டு, சரித்திரமும் வழக்கமும் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றது. அந்தக் கதவு வழியாக முதலில் லூசியானா நுழைந்தது, அப்புறம் டெக்ஸாஸ். பள்ளிகள் சில மீது யூத, கிறிஸ்தவ, இந்துப் பெற்றோர்களும் மதம் இல்லாதவர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் சான் அன்டோனியோ நீதிபதி ஃபிரெட் பியரி பதினோரு ஐ.எஸ்.டி.களில், அதாவது பள்ளி மாவட்டங்களில், போஸ்டர் மாட்டத் தடை கொடுத்தார். தீர்ப்பை 'ஆமென்' என்று முடித்த குறும்புக்காரர். எங்கள் ஐ.எஸ்.டி. அந்தப் பதினொன்றில் இல்லை.

நான் மிகவும் ரசித்தது சட்டமன்ற விவாதத்தை. மசோதா கீழவைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. ஜேம்ஸ் டலரிகோ என்ற இளம் உறுப்பினர், போதகராகப் படிப்பவர், மசோதாவைக் கொண்டுவந்த அம்மையாரிடம் ஓய்வுநாள் கட்டளையை நினைவுபடுத்தி, யூதர்களுக்கு ஓய்வுநாள் எது, இன்று என்ன கிழமை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்கச் சொல்லும் போஸ்டருக்காக ஓய்வுநாளிலேயே வேலை பார்த்து வாக்களித்தார்கள்.

வாயை மூடிக்கொண்டிருப்போம்

எங்கள் ஊர்த் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் நான் போஸ்டர் படத்தைப் போட்டேன். மூன்று கட்டைவிரல், ஒரு சிரிப்பு, அப்புறம் வார இறுதிப் பொங்கல் வடை பேச்சு. ஒருவர் மட்டும் தனியாக எழுதினார்: "திருடாதே, பொய் சொல்லாதேன்னுதானே போட்டிருக்கு. இதுல என்ன சார் தப்பு?"

அதே மாதம் ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் உள்ள 90 அடி ஆஞ்சநேயர் சிலையைப் பற்றி, செனட்டுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ஒருவர், இது கிறிஸ்தவ நாடு, பொய்த் தெய்வத்தின் பொய்ச் சிலையை டெக்ஸாஸில் ஏன் அனுமதிக்கிறோம் என்று பதிவிட்டார். அவ்வளவுதான், குழு கொதித்தது. சின்மயா மிஷன் வாத்தியார் முதல் யோகா மாஸ்டர் வரை எல்லாரும் மதச் சுதந்திரம் தரும் அரசியல் சாசன முதல் திருத்தத்தை மேற்கோள் காட்டினார்கள். நான் கேட்டேன்: சிலை நிற்பது கோயிலின் சொந்த நிலத்தில், யாரும் அதை ஒன்றும் செய்ய முடியாது, போஸ்டர் இருப்பது நம் வரிப்பணத்தில் கட்டிய சுவரில், நம் பிள்ளை வருஷத்துக்கு நூற்றெழுபது நாளுக்கு மேல் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் அறையில். இரண்டில் எதற்குக் கோபப்பட வேண்டும்? பதில் இல்லை. அதே நாட்களில்தான் எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று அதிபரின் அறிவிப்பு வந்தது. ஊருக்குப் போனவர்கள் விமான நிலையத்தில் அலறிக்கொண்டு ஓடினார்கள். போஸ்டர் பேச்சு அதோடு முடிந்தது. "இப்போதைக்கு வாயை மூடிக்கிட்டு இருப்போம் சார்." எழுதியவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நானும் பதினோரு வருஷமாக நிற்கிறவன்.

என்னை உண்மையில் தொந்தரவு செய்தது இன்னொரு கேள்வி. அதைக் கேட்டது என் மனைவி. "நீங்க மிஷன் ஸ்கூல்ல படிச்சவருதானே? தினமும் ஜெபம் சொன்னீங்களே, அப்ப வராத கோபம் இப்ப என்ன?"

நியாயமான கேள்வி. பாளையங்கோட்டையில் பத்து வருஷம் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தேன். நாங்கள் பத்துக் கற்பனைகள் என்றுதான் சொல்லுவோம். 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற ராகம் இன்னும் காதில் இருக்கிறது. பரமண்டல ஜெபம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ஞானிகளில் ஒருவனாக நடித்திருக்கிறேன், என் நெற்றித் திருநீற்றை யாரும் அழிக்கச் சொன்னதில்லை. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் இந்த நாட்டுக்கே வந்திருக்க மாட்டேன். அப்படிப்பட்டவன் 16க்கு 20 அங்குலத் தாளுக்கு ஏன் தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டும்? அது மிஷன்காரர்களின் பள்ளி, அப்பா தெரிந்தே வரிசையில் நின்று சேர்த்தார். இது அரசாங்கத்தின் பள்ளி, இங்கே பக்தியைக் கட்டளையிடுவது சட்டமன்றம். இப்படி ஒரு பதிலை மனைவியிடம் சொன்னேன். சரியான பதில்தான். ஆனாலும் பாதிப் பதில் மாதிரியே இருந்தது.

பக்கத்து வீட்டுத் தாழ்வாரம்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மூன்று தலைமுறை டெக்ஸாஸ்காரர், சதர்ன் பாப்டிஸ்ட், சபையில் டீக்கன். எழுபத்தெட்டு வயது. ஞாயிறு தவறாமல் இரண்டு ஆராதனை. நாங்கள் குடிவந்த வாரம் பீக்கன் பை கொண்டுவந்து கொடுத்தவர், பதிலுக்கு வந்த முறுக்கை இன்றுவரை மறக்காதவர். ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம், புல்வெளியில் பலகை நட்டிருப்பார். அக்டோபரில் ஒரு சாயங்காலம் இலை வாரிக்கொண்டிருந்தபோது அவரே பேச்செடுத்தார். "உன் மகள் வகுப்பில் அது வந்துவிட்டதா?"

ஆமாம் என்றேன். மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் மனசு புண்படாமல் பேச வேண்டுமே என்ற கவலை எனக்கு. பரவாயில்லை, நல்ல வாசகங்கள்தானே என்று வாட்ஸப் நண்பர் சொன்னதையே சொல்லிவைத்தேன்.

அவர் வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாழ்வாரப் படியில் உட்கார்ந்தார். "நீ எனக்காக மரியாதையாகப் பேசுகிறாய். தேவையில்லை. போன வாரம் பேரன் பள்ளிக்குப் போயிருந்தேன். எங்கே மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்று ஒரு படம் இருக்குமே, அதற்கும் மதிய உணவு மெனுவுக்கும் நடுவில். சீனாய் மலையில் இடி மின்னலோடு இறங்கியதை பீட்சா வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். பேரனிடம் நாலாவது என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. தினமும் பார்க்கிறான் இல்லையா, அதனால் தெரியவில்லை."

அவருக்குக் கோபம். எனக்கு இருந்ததைவிடப் பெரிய கோபம். அதுவும் பழைய கோபம். மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் பெயரைச் சொன்னார். திருச்சபை ஒரு தோட்டம், உலகம் காடு, நடுவில் வேலி வேண்டும் என்று 1644இலேயே எழுதிய மனிதர். காட்டைக் காப்பாற்றப் போட்டதில்லை அந்த வேலி. 1770களில் வர்ஜீனியாவில் உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்ததற்காக ஜெயிலுக்குப் போன பாப்டிஸ்டு போதகர்களைப் பற்றிச் சொன்னார். கனெக்டிகட்டில் டான்பரி என்ற ஊர் பாப்டிஸ்டுகள், எங்கள் மாநிலத்தில் வேறு சபைக்குத்தான் அரசு ஆதரவு என்று குறைசொல்லி எழுதியதற்கு அதிபர் ஜெஃபர்சன் 1802 புத்தாண்டு தினத்தில் போட்ட பதிலில்தான் மதத்துக்கும் அரசுக்கும் இடையில் சுவர் என்ற சொல் வருகிறது. இந்த நாட்டில் அந்தச் சுவரைக் கேட்டு வாங்கியவர்கள் நாத்திகர்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் இவருடைய ஆட்கள்.

"டாலஸ் முதல் பாப்டிஸ்டு சபைக்குப் போயிருக்கிறாயா?" என்றார். "அங்கே ட்ரூயட் என்று ஒரு போதகர். 1920இல் வாஷிங்டன் கேபிட்டல் படிக்கட்டில் நின்று, மதம் அரசாங்கத்தின் ஊன்றுகோலில் நடக்கக்கூடாது என்று முழங்கியவர். அவருக்கு அப்புறம் அதே மேடைக்கு வந்தவர் கிரிஸ்வெல். கென்னடி நின்றபோது, கத்தோலிக்கர் ஜனாதிபதியானால் போப்பாண்டவர் ஆட்சிதான் என்று பயமுறுத்தினார். அப்போது அவருக்கும் சுவர் வேண்டியிருந்தது. 1984இல் அவரே டிவியில் வந்து, சுவரா, அது எவனோ அவிசுவாசியின் கற்பனை என்றார். நடுவில் என்ன மாறியது? நாங்கள் ஜெயிக்கிற பக்கம் வந்துவிட்டோம், அவ்வளவுதான்."

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூல் போர்டு கூட்டத்தில் போய்ப் பேசப்போகிறேன், வருகிறாயா என்றார். வருகிறேன் என்றேன். போனேன். அவருக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள், இரண்டரை நிமிடத்தில் முடித்துக்கொண்டார். கை தட்டியவர்கள் குறைவு. அவருடைய சபை ஆட்கள் நாலைந்து பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் கடைசி வரிசையில். பெயர் பதிவு செய்யும் தாள் என் கைக்கு வந்தபோது, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு, விசா ரின்யூவல் என்று என்னென்னவோ மனசில் ஓட, அடுத்தவரிடம் நகர்த்திவிட்டேன். காரில் வரும்போது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முறுக்கு எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

நாங்கள் ஜெயிக்கிற பக்கம் வந்துவிட்டோம் என்ற வாக்கியம்தான் என்னோடு வீட்டுக்குள் வந்தது. நான் எப்போது ஜெயிக்கிற பக்கத்தில் இருந்தேன்? டெக்ஸாஸில் இல்லை. பாளையங்கோட்டையில். மிஷன் பள்ளிக்குள்ளே ஜெபம் சொன்னாலும் வாசலைத் தாண்டினால் ஊர் என்னுடையது. தேர் என்னுடையது, கொடை என்னுடையது, அப்பா வேலை பார்த்த தாலுகா ஆபீஸ் மாடத்தில் இருந்த பிள்ளையாரும் என்னுடையவர். அந்த வித்தியாசத்தை ஒருநாளும் உணர்ந்ததில்லை.

மறுநாள் காலையில் ஷார்ஜாவில் இருக்கும் பள்ளி நண்பனுக்குப் போன் போட்டேன். மேலப்பாளையத்துக்காரன். என் பக்கத்து பெஞ்சு. அவனுடைய வாப்பாவும் என் அப்பாவும் ஒரே தாலுகா ஆபீஸில் கிளார்க்குகள். போஸ்டர் கதையைச் சொல்லிவிட்டு, "ஏல, நம்ம ஸ்கூல் பிரேயர்ல நீ என்ன செய்வ? உனக்கு ஒரு மாதிரி இருக்குமா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "அது பாட்டு கிளாஸ் மாதிரில்லா இருக்கும். வாப்பா தெரிஞ்சுதான சேத்தாரு. பிடிக்கலன்னா வேற ஸ்கூலு." என் பதிலையே அவனும் சொன்னான். எனக்கு நிம்மதி. வைக்கப் போன சமயத்தில் அவனே ஆரம்பித்தான். "ஆனா வாப்பாக்கு ஆயுத பூஜைதான் கொஞ்சம் செரமம்."

"என்ன செரமம்?"

"ஆபீஸ்ல எல்லா டேபிள்லயும் சந்தனம் குங்குமம் வெப்பாங்கள்லா. ஃபைலு, டைப்ரைட்டரு, ஜீப்பு எல்லாத்துக்கும். வாப்பா டேபிளுக்கும். வேண்டாம்னு சொல்ல முடியுமா? அதனால ஒரு வாரம் முந்தியே வசூலுக்குக் கரெக்டா ரூவாயக் கொடுத்துருவாரு, யாரும் ஒண்ணும் சொல்லிறப்பிடாதுன்னு. அன்னைக்கு மட்டும் லீவு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் எல்லா வருசமும் லீவு. காய்ச்சல்னு எழுதிக் கொடுப்பாரு."

எங்கள் வீட்டுக்கு அன்று சாயங்காலம் பொரி கடலை நிறைய வரும். அவர்கள் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் என் கையில்தான் கொடுத்தனுப்புவார்கள். சைக்கிளில் போய்க் கொடுத்திருக்கிறேன். அவன் வாப்பா வெள்ளைப் பனியனோடு வாசலில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார். காய்ச்சல்காரர் மாதிரியே இருக்காது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவிக்கொடுப்பார்.

வசூல் நோட்டு என் அப்பாவிடம்தான் இருக்கும். தலைக்கு இருபது ரூபாய். கோடு போட்டுக் கொடுத்தது நான்.